பொதிகள் வந்து சேராத மூன்று நாள்கள்

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்பார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வருவோரை முதலில் வரவேற்பது கொளவாய் ஏரி. ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதைத் தேக்கி வைத்துத் தை மாசியில் மடை திறப்பது நம்மவர்க்குப் பழகிய வேலை. நான் இங்கு எழுதப் புகுந்ததும் ஒரு தேக்கத்தைப் பற்றியதே. ஆனால் இதில் தேங்குவது நீரன்று, மென்பொருள். எங்கள் கணிப்பொறி ஆய்வகத்தில் அந்தத் தேக்கத்தின் மடை அடைபட்டது. அடைபட்ட மடையைத் திறக்கிறேன் என்று கரையையே உடைத்தவன் நான். அந்தக் கதையோடு அதன் பாடத்தையும் சேர்த்துச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

ஆய்வகத்தில் 30 கணிப்பொறிகள் உள்ளன. எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கூடி வளர்த்து வருகின்றனர். அதன் 12-ஆம் பதிப்பில் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உண்டு. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இதன் வழி வந்ததே. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குக் கிடைத்த பொறியில் அதைத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய பொதிகள் ஒரு கணிப்பொறிக்கு 400 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 30 பொறிகளுக்கு 12,000 மெகாபைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில், வேறு எவரும் குறுக்கே வராவிட்டால், இதை இறக்க 2 மணி 40 நிமிடம் ஆகும். ஒரே பொருளை முப்பது முறை கடல் கடந்து வரவழைப்பானேன்? ஒரு முறை வரவழைத்து ஆய்வகத்திலேயே வைத்துக்கொண்டால், வெளி இணைப்புக்கு வேலை ஐந்தரை நிமிடந்தான். மற்ற 29 பொறிகளும் அறைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

இதைச் செய்யும் நிரலின் பெயர் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. எடுவார்ட் பிளோச் என்பவர் எழுதியது. இதனை ஒரு சர்வரில் நிறுவி, மற்றப் பொறிகளிடம் 'இனி வெளியே போகாதீர்கள், இந்தப் பதிலாளிடமே கேளுங்கள்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அது கேட்கும் வாயில் எண் 3142. கணித மாணவர்கள் இந்த எண்ணைப் பார்த்துப் புன்னகைப்பார்கள்.

பிழை தேடுவதற்கு முன் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சேமகத்தில் இருவகைக் கோப்புகள் தங்குகின்றன. ஒன்று, பொதி. பொதியின் பெயரிலேயே பதிப்பெண் இருப்பதால், பெயர் மாறாதவரை உள்ளடக்கமும் மாறாது. மற்றொன்று, அட்டவணை. 'இன்ரிலீஸ்' என்ற பெயர் என்றும் அதேதான், உள்ளடக்கமோ அடிக்கடி மாறும். ஆகவே பொதியைச் சேமகம் கண்ணை மூடிக்கொண்டு தரலாம். அட்டவணையை மட்டும், புதியது உண்டா என்று வெளியே கேட்டுவிட்டுத்தான் தரவேண்டும்.

பாதுகாப்பும் இந்த வரிசையில்தான் அமைந்துள்ளது. இன்ரிலீஸில் டெபியனின் மின்கைச்சாத்து இருக்கும். அதனுள் பொதிப்பட்டியலின் ஷா-256 எண் இருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் ஷா-256 எண்ணும் இருக்கும். இடையில் நிற்கும் பதிலாள் ஒரு பைட்டை மாற்றினாலும் எங்கோ ஓரிடத்தில் எண் பொருந்தாமல் போகும். எனவே பதிலாளால் நமக்கு வேலை கெடலாமே தவிர, கள்ளச் சரக்கு வந்துவிட முடியாது. 'பிழை' என்று திரையில் வருவது பெரும்பாலும் காவற்காரன் தன் கடமையைச் செய்கிறான் என்பதன் அறிவிப்பே.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. வியாழனன்று முதலாமாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அவர்களில் பாதிப்பேர் வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து, ஆய்வகத்தில் தொட்டுப் பழகினால்தான் உண்டு. நானும் அந்தக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருபவனே. காலையில் முதற் பொறியில் அட்டவணையைப் புதுப்பித்தேன். சிவப்பெழுத்தில் ஒரு நீண்ட வாக்கியம் வந்தது: கைச்சாத்திட்ட கோப்பு செல்லாது, கிடைத்தது 'நோஸ்ப்ளிட்'. அடுத்த பொறியிலும் அதுவே. முப்பதிலும் அதுவே.

எல்லாப் பொறியிலும் ஒரே பிழை என்றால் குற்றம் பொறிகளிடம் இல்லை, பொதுவான இடத்தில் இருக்கிறது. இதுவரை நான் சரியாகவே எண்ணினேன். ஒரு பொறியில் பதிலாளை விலக்கிவிட்டு நேரே வெளியே கேட்டேன். பிழையின்றி வந்தது. ஆகவே பதிலாளின் சேமகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். இங்கேதான் சறுக்கினேன். அரையாண்டாகச் சேர்ந்திருந்த சேமகம் முழுவதையும் ஒரே கட்டளையில் அழித்தேன். மனத்துக்குள் ஒரு பெருமிதம்கூட. மீண்டும் புதுப்பித்தேன். மீண்டும் நோஸ்ப்ளிட்!

நண்பன் ஒருவன், "அந்தச் சரிபார்ப்பையே நிறுத்திவிடேன்டா" என்றான். இந்த யோசனை எங்கு பிழை வந்தாலும் யாரோ ஒருவர் வாயிலிருந்து வரும். அதைக் கேட்டிருந்தாலும் பயனில்லை என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் பேராசிரியர் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அழிச்ச பிறகும் அதே பிழை வருதுன்னா, நீ அழிச்சதுல பிழை இல்லைன்னுதானேப்பா அர்த்தம்?" என்றார். "ஆமாம் சார்" என்பதற்கு மேல் எனக்குச் சொல் எழவில்லை. அடுத்து, "பிழைச் செய்தியைக் கடைசி வரைக்கும் படிச்சியா?" என்று கேட்டார். படிக்கவில்லை. அந்த வாக்கியத்தின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த வலையமைப்புக்கு அடையாளச் சரிபார்ப்பு தேவைப்படுகிறதா?

சர்வரில் சேமகத்தின் கோப்பகத்துக்குள் சென்று, இன்ரிலீஸ் என்ற பெயரில் வந்திருந்த கோப்பைச் சாதாரண எழுத்துக்கோப்பாகத் திறந்தோம். கைச்சாத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வலைப்பக்கம். பயனர் பெயர், கடவுச்சொல், 'உள்நுழை' என்றொரு பொத்தான்!

எங்கள் இணைய இணைப்பில் ஒரு காவல் வாயில் உண்டு. ஒவ்வொரு பொறியும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி உள்ளே போகவேண்டும். காலம் முடிந்தால், எதைக் கேட்டாலும் அந்த உள்நுழைவுப் பக்கத்தையே அது திருப்பித் தரும். சர்வருக்குத் திரை கிடையாது, எவரும் அதில் உலாவியைத் திறப்பதில்லை. ஞாயிறன்று அதன் தவணை முடிந்திருக்கிறது. நான் சோதித்த பொறியிலோ காலையிலேயே பெயர் கொடுத்திருந்தேன். ஆகவேதான் பதிலாளை விலக்கியபோது எல்லாம் நலமாகத் தெரிந்தது. என் சோதனை பொய் சொல்லவில்லை, அதன் பதிலை நான் தவறாகப் படித்தேன். 'பதிலாள் வழியில் குற்றம்' என்பது வேறு, 'பதிலாளின் பெட்டியில் குற்றம்' என்பது வேறு. சரிபார்ப்பை நிறுத்தியிருந்தாலும் உள்நுழைவுப் பக்கம் பொதிப்பட்டியல் ஆகிவிடாதல்லவா?

அந்த ஒரு பொறிக்கு நிரந்தர அனுமதி வாங்கிக் கொடுத்தார் பேராசிரியர். கறைபட்ட அட்டவணைக் கோப்புகளை மட்டும் நீக்கியதும் பிழை அகன்றது. ஆனால் அழித்த பொதிகள்? பகல் முழுவதும் எல்லாத் துறைகளும் ஒரே இணைப்பைப் பிழிந்துகொண்டிருக்கும். அரையாண்டுச் சேமிப்பை மூன்று நாளில் மீட்பதெப்படி?

வழி, முப்பது பொறிகளுக்குள்ளேயே இருந்தது. 'ஆப்ட்-கெட்' என்ற கட்டளையால் நிறுவும்போது, இறக்கிய பொதியின் படி அந்தந்தப் பொறியின் உள்ளறையிலேயே தங்கிவிடும். 'ஆப்ட்' என்ற புதிய கட்டளையோ, நிறுவி முடித்ததும் அதனைத் துடைத்துவிடும். நல்லவேளையாக, எனக்கு முன் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் பழைய கட்டளைக்காரர். பொறி பொறியாகச் சென்று பொதிகளைத் திரட்டினேன். சேமகத்துக்குள் இறக்குமதிக்கென்றே ஒரு தனிக் கோப்பகம் உண்டு. அதில் போட்டுவிட்டு, ஆப்ட்-கேச்சர்-என்ஜியின் நிர்வாகப் பக்கத்தில் இறக்குமதிப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொன்றின் எண்ணையும் அட்டவணையோடு ஒப்பிட்டு உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு முன் அட்டவணைகள் பதிலாள் வழியாக ஒருமுறையேனும் வந்திருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். நான் முதல் முறை மறந்தேன், ஒன்றுகூடச் சேரவில்லை.

விடுபட்டவற்றைச் செவ்வாய் மாலை இறக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறிய நாளிலிருந்து, மின்சாரம் போகும் என்று எண்ணியே எதையும் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று மட்டும் அந்த எண்ணம் எங்கே போயிற்றோ! புதன் காலை வேறொரு பிழை: 'ஹாஷ் எண் பொருந்தவில்லை'. எல்லாப் பொறியிலும் ஒரே ஒரு பொதியில் மட்டும். பாதியில் நின்ற கோப்பு முழுக் கோப்பின் பெயரில் உட்கார்ந்திருந்தது. இம்முறை நான் கரையை உடைக்கவில்லை. நிர்வாகப் பக்கத்திலேயே, பெயரை மட்டுமின்றி உள்ளடக்கத்தையும் எண்ணிட்டுச் சரிபார்க்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. மெதுவாகத்தான் நடக்கும் என்று அதுவே எச்சரிக்கும். கெட்டதை மட்டும் அது சுட்டிக்காட்டியது, நீக்கினோம், மீண்டும் இறக்கினோம்.

மற்றப் பிழைகளில் எங்களுக்கு வந்த சிலவற்றையும் குறித்துவிடுகிறேன். 503 என்ற எண் வந்தால் பதிலாளால் வெளியே எட்ட முடியவில்லை என்று கொள்க. இணைப்பையும் பெயர்-முகவரித் தீர்வையும் பாருங்கள். 403-உடன் 'கனெக்ட்' மறுக்கப்பட்டது என்று வந்தால், பூட்டிய வழியான எச்டிடிபிஎஸ் மூலம் பொதி கேட்கிறீர்கள். பூட்டிய உறைக்குள் இருப்பதைப் பதிலாளால் பார்க்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் அமைப்புக் கோப்பில் வழிவிடலாம், எல்லாவற்றுக்கும் வழிவிடுவது எனக்கு உடன்பாடன்று. 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் காலம் வரவில்லை' என்று ஒரேயொரு பொறி மட்டும் சொன்னால், அதன் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் 17-ஆம் எண் பொறியில் தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோய், அது பல ஆண்டுகள் பின்தங்கிய உலகில் வாழ்ந்துகொண்டிருந்தது.

இவற்றில் எது வந்தாலும், சர்வரின் பதிவேட்டுக் கோப்பகத்தில் பிழைகளுக்கென்று தனிக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து கடைசிப் பத்து வரிகளைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். திங்கட்கிழமை அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வியாழன் காலை ஒன்பதரைக்கு முப்பது பொறிகளும் ஆயத்தமாயின. தேர்வு தொடங்கியபோது நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் குப்பத்துத் தங்கை ஒருத்தி 17-ஆம் எண் பொறியின் முன் அமர்ந்து, தன் நிரலைத் தொகுத்துக்கொண்டிருந்தாள். மதியம் பேராசிரியர் ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்து, நடந்ததையெல்லாம் தேதியிட்டு எழுதச் சொன்னார். அது இப்போது சர்வரின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. எதை அழிப்பதாயிருந்தாலும் முதலில் அதில் எழுதிவிட்டே அழிக்கவேண்டும் என்பது ஆய்வகத்தின் புது விதி.