மூச்சு நின்று போகும் தூக்கம்: கிளினிக்கில் சொல்லும் வார்த்தைகளை அறிந்துகொள்வோம்



லயத்தில் ஒருவர் குறட்டை விட்டால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். "பாவம், அசந்து தூங்குறாரு" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறிக்கொண்டு திரும்பவும் தொடங்கினால் அது நல்ல தூக்கம் இல்லை. அது ஒரு வருத்தம். இதற்கு வைத்தியம் உண்டு. டொக்டர் சொல்வது விளங்காமல் "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்தால் அந்த வைத்தியம் பலிக்காது. ஆகவே முக்கியமான வார்த்தைகளைப் பார்ப்போம்.

1. ஸ்லீப் எப்னியா: தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. மூச்சு 10 செக்கனோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு எப்னியா. இரத்தத்தில் ஒக்சிஜன் குறைய, மூளை நம்மை உசுப்பிவிடுகிறது. காலையில் இது நமக்கு ஞாபகம் இருக்காது. தலைவலியும் அசதியும்தான் இருக்கும்.

2. ஸ்லீப் ஸ்டடி: தூக்கப் பரிசோதனை. விரலிலும், மூக்கிலும், நெஞ்சிலும் சிறு கருவிகளைப் பொருத்தி இரவு முழுக்கப் பதிவு செய்வார்கள். ஊசி, வலி ஒன்றும் கிடையாது.

3. ஏ.எச்.ஐ.: ஒரு மணித்தியாலத்தில் மூச்சு எத்தனை தடவை நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே என்றால் பயமில்லை. 5 முதல் 14 வரை இலேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை என்று அர்த்தம்.

4. சீபெப்: தொண்டை மூடாதபடி காற்றைத் தொடர்ந்து தள்ளும் மெசின். 1981ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் டொக்டர் கொலின் சலிவன் இந்த முறையை வெளியிட்டார். பலர் நினைப்பதுபோல இது ஒக்சிஜன் மெசின் இல்லை. நம்ம காம்பராக் காற்றைத்தான் இழுத்துத் தருகிறது.

5. பிரஷர்: இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "உங்க பிரஷர் 10" என்றால் அது இரத்த அழுத்தம் இல்லை, மெசின் தள்ளும் காற்றின் அளவு. சாதாரணமாக 4 முதல் 20 வரை இருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் அளவைப் பார்த்து நாமாக மாற்றக்கூடாது.

6. மாஸ்க், லீக்: மூக்கை மட்டும் மூடுவதும் உண்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதும் உண்டு. ஓரத்தால் காற்று கசிவதுதான் லீக். கண் எரிந்தால், சத்தம் வந்தால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை. இறுக்கிக் கட்டிப் புண்ணாக்காமல், கிளினிக்கில் காட்டி வேறு அளவு கேளுங்கள்.

7. ரேம்ப்: படுத்தவுடன் குறைந்த காற்றில் தொடங்கி, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் வசதி. "காத்து மூஞ்சில அடிக்குது" என்பவர்களுக்கு நல்லது.

8. ஹியுமிடிஃபயர்: காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பெட்டி. மூக்கும் தொண்டையும் காயாது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, தினமும் மாற்றவேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மெசின் மூக்குக்கண்ணாடி மாதிரி. போடும் இரவுக்குத்தான் பலன். "ஒரு மாசம் போட்டேன், சரியாப் போச்சு" என்று நிறுத்தினால் மூச்சு பழையபடி நிற்கும். சாராயமும், டொக்டரைக் கேட்காமல் குடிக்கும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

இந்த வருத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் கூடும், இருதயமும் பாதிக்கப்படும். பகலில் கண் சொக்கும். ஃபெக்டரியில் ரோலர் பக்கத்தில் நிற்பவருக்கும், மலைப்பாதையில் லொறி ஓட்டுபவருக்கும் ஒரு நிமிசக் கண்ணயர்வே போதும், கை போகும், உயிரும் போகும்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்ப்பது அவர்தான். உங்கள் ஏ.எச்.ஐ. எவ்வளவு, மெசின் பிரஷர் எவ்வளவு, மாஸ்க் எந்த வகை என்ற மூன்றையும் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். விளங்காவிட்டால் திரும்பவும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.