நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு

ஒக்கலிபுரம்,
பெங்களூர்

அன்புள்ள மருமகனுக்கு,

பேட்ஜ் கிடைத்துவிட்டது, ஆட்டோவும் வந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் போன வாரம் நீ என்னிடம் சொன்னது மனதிலேயே நிற்கிறது. “வயசானவங்க சவாரின்னா ஸ்டாண்டுல எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க மாமா. ஏறி உக்காரவே பத்து நிமிஷம் ஆவுது. அதுக்குள்ள மெஜஸ்டிக்ல ஒரு சவாரி முடிச்சிடலாம்.” டீக்கடையில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கணக்கு பொய் இல்லை. 2025 ஆகஸ்ட் 1-லிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. காத்திருந்தால் முதல் 5 நிமிஷம் இலவசம், பிறகு ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் 10 ரூபாய். நம் சந்துகளில் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மா கைப்பிடி இல்லாத படிக்கட்டில் இறங்கி, முனையில் நிற்கும் வண்டிக்கு வந்து சேர அந்த 5 நிமிஷம் எந்த மூலைக்கு? சக்கரம் உருண்டால்தான் மீட்டருக்குப் பயணம். அந்த அம்மாவுக்கோ கட்டிலை விட்டு எழுந்தபோதே பயணம் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது முடியும். நடுவில் நாம் ஓட்டுகிற நாலு கிலோமீட்டர்தான் அதில் சுலபமான பகுதி.

31 வருஷம் ஓட்டி நான் கற்றது இவ்வளவுதான். இந்தச் சவாரியை வாசலிலிருந்து வாசலுக்கு என்று எண்ணாதே, நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு என்று எண்ணு.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதமாக அல்ல. ஒரு நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டியையும் அவர் மகளையும் ஏற்றிப் போனேன். ஆட்டோ உள்ளே வரக்கூடாது என்று காவலாளி கையைக் காட்டினார். எனக்கும் அவசரம். எதிர்ப்பக்கமே நிறுத்தி இறக்கிவிட்டு, சக்கர நாற்காலி கேட்க மகள் உள்ளே ஓடிய நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், பாட்டி தனியாக ரோட்டைக் கடக்கிறார். நடுவிலிருந்த கல்லில் கால் இடறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. திரும்பிப் போய்த் தூக்கினேன். மகள் என்னைத் திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து அப்புறம் எனக்கு அழைப்பு வரவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: சக்கர நாற்காலி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் இறக்கம். காவலாளி தடுத்தால் சண்டை போடாதே. “நடக்க மாட்டாங்க அண்ணா, இறக்கிட்டு உடனே திரும்பிடறேன்” என்று தணிவாகச் சொல். பத்தில் எட்டு பேர் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் மகளை அனுப்பி நாற்காலியை வரவழைத்துவிட்டு, நீ வண்டியோடு நில்.

இனி கைவேலை. இதை யாரும் லைசென்ஸ் டெஸ்டில் கேட்பதில்லை.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் பிசியோதெரபி சொல்லித்தருகிறவர்கள் முதல் நாள் சொல்வது இதுதான். மறந்துபோய் மாற்றிக் காலை வைப்பவரிடம் மெதுவாக ஞாபகப்படுத்து. உயரம் அதிகம் என்றால் வண்டியை நடைபாதை ஓரமாக ஒட்டி நிறுத்து, பாதி உயரம் குறையும். அதற்கும் வழியில்லாத தெருவுக்காக நான் சீட்டுக்கு அடியில் ஒரு மணை வைத்திருந்தேன். ஆறு அங்குல உயரம், அடியில் பழைய டியூப் ரப்பர் அடித்தது. அது இல்லாமல் நான் காலையில் வண்டியை எடுத்ததில்லை.

யாரையும் கேட்காமல் பிடித்துத் தூக்காதே. உன் முழங்கையை நீட்டு, அவர்களாகப் பிடித்துக்கொள்வார்கள். டயாலிசிஸ் போகிறவர் என்றால் எந்தக் கையில் ஃபிஸ்டுலா என்று முதலில் கேள். ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் அந்தக் கையை அழுத்திப் பிடிக்கவே கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழுந்து நின்றதும் பத்து எண்ணும் வரை நிற்கச் சொல், பிறகு நடக்கட்டும். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டிருந்தால் வெளியே வந்ததும் வெளிச்சம் கூசும், படி தெரியாது. அப்போது “படி வருது, ஒரே படி” என்று வாயால் சொல்லிக்கொண்டே வா.

உட்காரும் இடமும் முக்கியம். நம் வண்டியில் வலப்பக்கம் அடைப்பு, இடப்பக்கம் திறப்பு. ஞாபக மறதி உள்ளவர்களை வலப்பக்கம் உட்கார வைத்து, கூட வருகிறவரைத் திறந்த பக்கம் உட்காரச் சொல். சிக்னலில் நிற்கும்போது “வீடு வந்துடுச்சு” என்று இறங்கப் பார்த்தவரை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ரெக்சின் சீட்டில் புடவை ஒட்டிக்கொள்ளும், உள்ளே நகர்வது கஷ்டம். ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து வை, வழுக்கிக்கொண்டு போகும்.

ஹம்ப் வந்தால் வண்டியை நிறுத்தி ஏற்று. எலும்பு தேய்ந்த முதுகு என்றால் ஒரு ஹம்ப் ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். இந்த ஊரில் ‘மெல்ல’ என்ற ஒரு சொல்லை நாலு பாஷையில் வைத்துக்கொள்: மெல்ல, நிதானா, மெல்லகா, ஆஹிஸ்தா. அஜ்ஜி, அவ்வா, நானி, பாட்டி யாராக இருந்தாலும் அவர்கள் பாஷையில் சொன்னால் தோள் தளர்ந்து உட்காருவார்கள்.

அடுத்தது, கூட வருகிறவர். இதை உனக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, ஏனென்றால் நம் வீட்டில் அது உன் அம்மா. உன் பாட்டிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். நான் ஓட்டினேன், திறந்த பக்கம் அவள் உட்கார்ந்தாள். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் பிளாஸ்க், மடியில் தலை சாய்த்த தாய். அந்த ஒன்றரை வருஷம் அவள் தையல் வேலைக்குப் போகவில்லை. நீ பள்ளியிலிருந்து வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் ஞாபகம் இருக்கும். உன் பின்சீட்டில் ஏறும் ஒவ்வொரு மகளுக்கும் மருமகளுக்கும் மனைவிக்கும் அப்படி ஒரு பூட்டிய கதவு எங்கோ இருக்கும்.

அவர்களுக்கு நீ செய்யக்கூடியது பெரிதல்ல. எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்பதைச் சொல், சொன்ன நேரத்துக்கு வா. காத்திருப்புக் காசு எவ்வளவு என்பதை ஏறும் முன்பே பேசிவிடு, இறங்கும்போது அவர்கள் கணக்குப் பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். வழியில் எங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பயணத்துக்குப் பயப்படுவதில் பாதி இதுதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: “அம்மா எங்க இறங்குவாங்க?” என்று மகளிடம் கேட்காதே. “எங்க நிறுத்தட்டும்மா?” என்று அம்மாவிடமே கேள்.

லாபத்தைப் பற்றிக் கேட்டாயே, அதையும் சொல்கிறேன். ஒரு டயாலிசிஸ் வீட்டுக்கு மாதம் 12, 13 தடவை போகவேண்டும், போக வர இரண்டு பங்கு. ஆப்பில் வருகிற சவாரி இன்று உனக்கு, நாளை வேறு ஒருவனுக்கு. இது உன்னுடையது. ஆப்பில் ஒரு புள்ளிதான் தெரியும், மாடிப்படி தெரியாது. படியைத் தெரிந்தவனை அந்த வீடு மாற்றாது.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஆட்டோதான் சரி என்று சொல்லாதே. தெரிந்ததைச் சொல்லி அனுப்புவதும் நம் தொழில்தான். ஸ்ரீராம்புரம் மெட்ரோவை 2014லேயே திறந்துவிட்டார்கள், லிஃப்ட் இருக்கிறது. படி ஏற முடியாவிட்டாலும் நின்று நடக்க முடிந்தவர்களுக்கு நெரிசல் இல்லாத மத்தியான நேரத்தில் அதுதான் நல்லது. பஸ் என்றால் தாழ்தள பஸ்ஸைக் காட்டு. அதன் தரை ரோட்டிலிருந்து 400 மில்லிமீட்டர்தான், மற்றவை 650, 900 என்று ஏறும். 60 வயது நிறைந்தவர்களுக்கு டிக்கெட்டில் 25 சதவீதம் குறைவு. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த திருப்பத்தூர் பாட்டி தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். முன்பே சொல்லிவிட்டால் பஸ்ஸில் அவமானப்பட மாட்டார்.

சிட்டி ஸ்டேஷன் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. ரயில் விஷயம் நாலு தெரிந்திரு. முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் உண்டு: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியும். நாலு பேர் சேர்ந்து ஒரே டிக்கெட் போட்டுவிட்டு, ராத்திரி வண்டியில் தாத்தாவுக்கு மேல்படுக்கை வந்ததென்று அழுகிற குடும்பங்களை நான் ஏற்றியிருக்கிறேன். கித்வாய் ஆஸ்பத்திரிக்கு வருகிற புற்றுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருகிறவருக்கு 75 சதவீதம் குறைவு. இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். எந்த பிளாட்பாரம் என்று பார்த்து, எந்த வாசலில் இறக்கினால் நடை குறையும் என்று யோசித்து இறக்கு.

சில சமயம் வேறு மாதிரியும் நடக்கும். வழி தெரியாமல் நிற்கிற தாத்தா, வீட்டில் அடிக்கிறார்கள் என்று பின்சீட்டில் அழுகிற பாட்டி. இந்த ஊரில் முதியோருக்கென்று 1090 இருக்கிறது. நாடு முழுவதற்கும் 14567. இரண்டையும் போனில் போட்டு வை.

கடைசியாக ஒன்று. உன் பாட்டியின் பயணங்கள் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியாகவே சுருங்கிப்போயின. ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது, “அண்ணம்மா கோயில் பக்கமா விடுடா” என்றாள். டயாலிசிஸ் முடிந்த உடம்பு, இறங்க முடியாது. கோயிலுக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டினேன். உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். பூக்காரி ஒரு முழம் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நிமிஷம் இருக்கும். அதன் பிறகு அந்த வழியாக வராத நாளே இல்லை. டயாலிசிஸுக்குப் புறப்படும்போது அவள் முகம் சுளிப்பதும் நின்றுவிட்டது. உன் வண்டியில் ஏறுகிறவர்களிடம் திரும்பும் வழியில் கேட்டுப் பார்: எங்காவது நிறுத்தட்டுமா என்று.

இப்போது எனக்கும் முழங்கால் போய்விட்டது. போன மாதம் ஒரு பையன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டான், சந்துக்குள் வரமாட்டேன் என்று. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் ஒரு நாள் அப்படித்தான் செய்தேன்.

அந்த மணை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் மாமா