அட்டை அடிக்கும் மெஷினும் காலாவதியான டிரைவரும்

சந்தவாசல் தம்பிக்கு,

ஜக்கார்டு அட்டை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டரை மாற்றியதும் பஞ்சிங் மெஷின் நின்றுவிட்டது, முகூர்த்த ஆர்டர் நேரத்தில் கடைக்காரர் உன்மேல் பாய்கிறார் என்று எழுதியிருந்தாய். மெஷினில் கோளாறு இல்லை. வைரஸும் இல்லை (நம் தொழிலில் விளங்காததற்கெல்லாம் அந்தப் பெயர்தான்). அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளுக்குக் காலம் முடிந்துவிட்டது.

விண்டோஸ் 98 நாளில் புரோகிராமே நேராக 378 என்ற முகவரிக்கு எழுதி, பேரலல் போர்ட்டின் பின்களை ஏற்றி இறக்கும். எக்ஸ்பி அதைத் தடுத்தது. நடுவே ஒரு குட்டி டிரைவரைச் செருகி ஒப்பேற்றினார்கள். 64 பிட் விண்டோஸில் அந்த 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது. விஸ்டாவின் 64 பிட் பதிப்பு தொடங்கி, கையொப்பமில்லாத கர்னல் டிரைவருக்கும் இடமில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 52' வருவது அதனால்தான். இந்தக் கண்டிப்பு நியாயமானதே. டிரைவர் ஓடுவது விண்டோஸின் மையமான கர்னலுக்குள். அங்கே ஒரு பிழை இருந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத்திரையில் போய் விழும். மெஷினை விற்றுவிட்டு டிரைவரைப் புதுப்பித்துத் தராமல் போனவர்மேல்தான் எனக்குக் கோபம்.

லினக்ஸிலும் கர்னலின் உள் இடைமுகம் மாறிக்கொண்டேதான் இருக்கும். நிலையாக வைக்க மாட்டோம் என்று அந்தக் கர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் காரணத்தோடு எழுதியே வைத்திருக்கிறார். ஆனால் மாற்றுகிறவரே கர்னல் மூலநிரலில் உள்ள டிரைவர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அதனால் பழைய சாதனங்கள் அங்கே நெடுநாள் பிழைக்கின்றன. என்றென்றைக்கும் அல்ல: 2019இல் ஃபிளாப்பி டிரைவர் கவனிப்பாரற்றது என்று குறிக்கப்பட்டது. சோதித்துப் பார்க்க ஓடுகிற ஃபிளாப்பி டிரைவ் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

யூஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கிக் காசைத் தொலைக்காதே. அது பிரிண்டருக்கானது, 378 முகவரி அதில் வராது. பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரையே திரும்ப மாட்டு. 2014 ஏப்ரல் 8உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே நெட் வயரைக் கழற்றிவிடு. ஹார்ட் டிஸ்க்கை இன்றைக்கே நகலெடு. மதர்போர்டில் கெபாசிட்டர் ஏதாவது உப்பியிருக்கிறதா என்றும் பார்.

என்றாவது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்க உன்னை யோசனை கேட்டால், கொக்கி எண்ணிக்கையைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். டிரைவர் விண்டோஸ் 11இல் ஏறுமா, அடுத்த பதிப்புக்கு யார் திருத்தித் தருவார் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நீ கேள். பதிலை பில்லில் எழுதி வாங்கு. பென்டிரைவிலிருந்து டிசைனைத் தானே படித்துக்கொள்ளும் பெட்டி கிடைத்தால் பேசாமல் அதை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்