யூரோவில் சம்பளமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டிலிருந்தபடி பிரெஞ்சு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள் கவனிக்க:

1. ஒப்பந்தத்தில் நீங்கள் ஊழியரா, ஃப்ரீலான்சரா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். வரி, பி.எஃப். எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

2. பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். நம் ஊரில் பாதித் தெருவுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. "அங்கே மாமாவிடம் யூரோவாகக் கொடுக்கச் சொல், இங்கே ரூபாயாக வாங்கிக்கொள்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். அது ஹவாலா, ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

3. பணம் எதற்காக வருகிறது என்பதைக் குறிக்கும் 'பர்ப்பஸ் கோடு' வங்கி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. அவசரத்தில் 'குடும்பச் செலவு' என்று போட்டுவிட்டால், பிறகு அதைத் தொழில் வருமானம் என்று காட்டுவது பெரும்பாடு. பணம் வந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

4. ஃப்ரீலான்சராக ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. எனும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால், சேவை ஏற்றுமதிக்கு வரி கட்டாமலே பில் போடலாம்.

5. இந்தியாவில் கிளை இல்லாத நிறுவனம் பெரும்பாலும் இங்கே டி.டி.எஸ். பிடிக்காது. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்வரி கட்டுங்கள். தவறினால் வட்டி ஏறும். ஆடிட்டரைப் பார்க்க மார்ச் வரை காத்திருக்காதீர்கள்.