லாக் ஃபைல் வீங்குகிறதே, என்ன செய்ய?

கேள்வி: எங்கள் மொத்த விற்பனைக் கடையின் பில்லிங், எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது. தினமும் இரவு ஃபுல் பேக்கப் எடுத்தும் லாக் ஃபைல் டிஸ்க்கையே அடைத்துவிடுகிறது. ரெக்கவரி மாடலை ‘சிம்பிள்’ ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கலாமா?

– வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் சர்வர் ‘ஃபுல்’ மாடலில் இருக்கிறது என்று தெரிகிறது. அந்த மாடலில் ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப் என்று தனியாக எடுத்தால்தான் உள்ளே இடம் விடுபடும். அதைத்தான் யாரோ அமைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சிம்பிளுக்கு மாற்றினால் லாக் தொல்லை தீரும், உண்மைதான். ஆனால் மாலை 5 மணிக்கு டிஸ்க் போனால், முந்தைய இரவு வரைதான் மீட்க முடியும். அன்று போட்ட பில், வரவு, கடன் பாக்கி எல்லாம் போச்சு. பில்லிங்குக்கு அது கட்டுப்படியாகாது. மாதம் ஒருமுறை ஏற்றும் அறிக்கைத் தரவுக்கு என்றால் சிம்பிளே போதும்.

ஆகவே ஃபுல்லிலேயே இருங்கள். இரவில் ஃபுல் பேக்கப், கடை நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப். இவற்றை நேரப்படி தானாக ஓட்டும் ஏஜென்ட், எக்ஸ்பிரஸ் பதிப்பில் கிடையாது. உங்களுடையது அந்தப் பதிப்பு என்றால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாம். வீங்கிய ஃபைல் தானாகச் சுருங்காது, முதல் லாக் பேக்கப்புக்குப் பிறகு ஒருமுறை ஷ்ரிங்க் செய்யுங்கள். தினமும் வேண்டாம்.

பேக்கப் அதே டிஸ்க்கில் கிடந்தால் பிரயோசனமில்லை. வேறு கணினிக்குப் போகட்டும். மாதம் ஒருமுறையாவது அங்கே ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.