சாயும் சைடுகார்: மூன்றாவது சக்கரம் தாங்கிப் பிடிக்காது

“சைடுகார் மாட்டிவிட்டால் பைக் விழாது.” சைடுகாரைப் பற்றி நாம் நம்பும் மற்றதெல்லாம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பைக்கோடு இறுக்கிப் பிணைத்த பழைய சைடுகாருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ‘ஷோலே’ (1975) படத்தில் அமிதாப்பும் தர்மேந்திராவும் பாட்டுப் பாடிக்கொண்டு போன பி.எஸ்.ஏ. வண்டி அந்த வகை. ஒரு காலத்தில் ஸ்கூட்டர்களின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு குடும்பத்தையே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனதும் அதே வகை. 1983-ல் மாருதி 800 வந்த பிறகு அந்தக் குடும்பங்களின் கண் காரின் பக்கம் போய்விட்டது.

பைக் பித்தர்கள் இப்போது பேசுவது வேறொன்றைப் பற்றி. சாயும் சைடுகாரில் பைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே கீல் இருக்கும். வளைவில் பைக் தன்போக்கில் சாயும், சைடுகார் தடுக்காது. கேரளத்தின் மட்டாஞ்சேரி போன்ற ஊரில் இதை மாட்ட நினைப்பவர் முதலில் சில நம்பிக்கைகளைக் கழற்றி வைக்க வேண்டும்.

நம்பிக்கை: மூன்று சக்கரம் வந்துவிட்டதே, சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதில்லை.

ஊன்றியே ஆக வேண்டும். வளைவில் பைக்கைச் சாயவிடும் அதே கீல், நின்ற இடத்திலும் சாயவிடும். ஓடும்போது இரண்டு சக்கரத்தில் எப்படிச் சமநிலை பிடிக்கிறோமோ அப்படியேதான் இதிலும். பஜார் ரோட்டில் கிடங்கு வாசலில் லாரி நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் வண்டி பத்தடிக்கு ஒருமுறை நின்று நகரும். ஒவ்வொரு தடவையும் கால் தரைக்கு வர வேண்டும். இடப்பக்கம் சைடுகார் சட்டம் மறித்தால் வலது காலை மட்டுமே நம்ப வேண்டும்.

சில வடிவங்களில் சாய்வுப் பூட்டு உண்டு. வேகம் முற்றிலும் குறைந்ததும் பூட்டிக்கொண்டால் கால் தேவைப்படாது. புறப்படும்போது திறக்க மறந்தால்தான் வினை. அந்த நொடியில் அது இறுக்கிப் பிணைத்த சைடுகாராகிவிடுகிறது, ஓட்டுகிறவரின் கை மட்டும் சாயும் வண்டியின் பழக்கத்தில் இருக்கிறது. முதல் வளைவிலேயே வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சைடுகாரைப் பற்றி விசாரிப்பவர்களில் கணிசமானோருக்கு முழங்கால் வலி, அல்லது வயதானதால் வரும் பயம், அல்லது ஒரு கால் முடியாத நிலை. அவர்கள் தேடுவது விழாத வண்டி. சாயும் சைடுகார் அவர்களுக்கானதல்ல. கேரளத்தில் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள் ஏற்கெனவே ஏராளமாக ஓடுகின்றன. மாநில மாற்றுத்திறனாளிகள் நலக் கழகம் ‘சுபயாத்ரா’ திட்டத்தில் கொடுப்பதும் அந்த ஸ்கூட்டரைத்தான். அது சாயாது, நின்றால் நிற்கும். வளைவில் மெதுவாகப் போக வேண்டும் என்பதுதான் அதன் விலை. சாயும் சைடுகார், இரண்டு சக்கரத்தில் நன்றாக ஓட்டத் தெரிந்து, அந்தச் சாய்வை விட மனமில்லாமல், கூட ஒருவரையோ கொஞ்சம் சாமானையோ ஏற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு.

நம்பிக்கை: பழைய சைடுகார் ஓட்டிய அனுபவம் இருந்தால் இதையும் ஓட்டிவிடலாம்.

அந்த அனுபவம் இங்கே குறுக்கே நிற்கும். இறுக்கிய சைடுகாரை காரைப் போலத் திருப்ப வேண்டும்: இடப்பக்கம் போக ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பு. சாயும் சைடுகாரில் சாதாரண பைக்கின் விதிதான். கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால், இடப்பக்கம் போக இடக் கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம், பைக் இடப்பக்கம் சாய்கிறது, திரும்புகிறது. பைக் ஓட்டும் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ செய்வதுதான் இது. அதனால் சைடுகாரையே தொடாத பைக்காரருக்கு இந்த வண்டி சீக்கிரம் கைவரும், பழைய சைடுகார்க்காரர்தான் தடுமாறுவார். டயரும் இதே கணக்குதான். இறுக்கிய சைடுகாரில் தட்டை முகமுள்ள டயர் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இங்கே பைக்கின் உருண்டை முக டயரே வேண்டும்.

நம்பிக்கை: இடப்பக்க வளைவில் சைடுகார் சக்கரம் எழும்பிக் கவிழ்த்துவிடும்.

இறுக்கிய சைடுகாரில் இது பொய்யில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்திலும், பைக்கின் இரு சக்கரங்களை இணைக்கும் கோட்டிலிருந்து 25 செ.மீ. இடப்பக்கமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சைடுகார் காலியாக இருந்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். 25-ஐ 55-ஆல் வகுத்தால் 0.45. வெளிப்பக்கம் தள்ளும் விசை எடையில் 45 சதவீதத்தைத் தொட்டதும் சக்கரம் தரையை விடும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த நிலை மணிக்கு 34 கி.மீ. வேகத்திலேயே வந்துவிடுகிறது. காலி சைடுகாரில் மணல் மூட்டை போட்டு ஓட்டும் வழக்கம் இதனால் வந்ததுதான்.

பெட்டி நிமிர்ந்தே இருக்க, பைக் மட்டும் சாயும் வகையில் கணக்கு மாறுகிறது. கீல் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், உட்கார்ந்தவரோடு சேர்ந்த சைடுகாரின் எடை மையம் 45 செ.மீ. உயரத்தில், கீலிலிருந்து அதன் பக்கவாட்டுத் தூரம் 80 செ.மீ. என்று கொள்வோம். உயர வித்தியாசம் 30. 80-ஐ 30-ஆல் வகுத்தால் 2.7 வருகிறது. அதாவது எடையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட விசை வந்தால்தான் சைடுகார் எழும்பும். தார் ரோட்டில் சாதாரண டயருக்கு அவ்வளவு பிடியே கிடையாது, அதற்கு வெகு முன்பே வழுக்கிவிடும்.

கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இறுக்கிய சைடுகார் சக்கரத்தைத் தூக்கிக் காட்டி முன்னெச்சரிக்கை கொடுத்தது, சாயும் சைடுகார் அதைக் கொடுக்காது. எல்லை இப்போது டயரின் பிடியும் பைக்கின் அடிப்பாகம் தரையில் உரசும் கோணமும்தான். ஆடி மழையில் நனைந்த ரோட்டில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை விழுந்த பிறகுதான் பலர் அறிகிறார்கள். பள்ளமோ, சாக்கடை மேல் போட்ட ஸ்லாப் ஏறி இறங்கும் விளிம்போ சைடுகார் சக்கரத்தைத் தூக்கிப்போடுவது வேறு விஷயம், அதற்கு இந்தக் கணக்கு காவல் இல்லை.

நம்பிக்கை: சாயும் வகையில் வண்டி ஒரு பக்கம் இழுக்காது.

இழுக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு பக்கத்துச் சுமை பின்தங்கி, வண்டி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். பிரேக் பிடித்தால் அதே சுமை முன்னே ஓட, வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். கீல் சாய்வை மட்டுமே விடுவிக்கிறது, இந்த இழுப்பு அதன் வழியே முழுசாகக் கடந்து வரும். சைடுகார் சக்கரத்துக்கும் பிரேக் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

நம்பிக்கை: “ரெண்டு பிராக்கெட் வெல்டு பண்ணினா போதும், சேட்டா.”

வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். பெட்டி நிமிர்ந்திருக்கும் வகையில் கீல் பைக்கின் நடுக்கோட்டுக்கு நேர்கீழே, எஞ்சினுக்கு அடியில் வர வேண்டும். வெல்டு செய்ய வசதி என்று சட்டத்தின் இடது ஓரத்தில் வைத்தால், சைடுகார் எடையில் ஒரு பங்கு அந்த ஓரத்தில் தொங்கிக்கொண்டு பைக்கை எப்போதும் இடப்பக்கம் சாய்க்கும். நேர் ரோட்டில்கூட ஓட்டுகிறவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

உயரமும் முக்கியம். பைக் சாயும்போது அதன் டயர் தரையைத் தொடும் கோட்டைச் சுற்றித்தான் சுழல்கிறது. கீல் 15 செ.மீ. உயரத்தில் இருந்து பைக் 25 டிகிரி சாய்ந்தால் கீல் பக்கவாட்டில் 6 செ.மீ.க்கு மேல் நகரும். சைடுகார் சக்கரம் அந்த 6 செ.மீ.யை ரோட்டில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். கீல் தாழத் தாழ இந்தத் தேய்மானம் குறையும். ஆனால் மிகத் தாழ்ந்தால் முதல் வேகத்தடையிலேயே இடிக்கும். எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது அந்த பைக்கையும் ஓடும் ரோட்டையும் பார்த்துத்தான்.

முன் கீலும் பின் கீலும் ஒரே நேர்கோட்டில், வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஒவ்வொரு சாய்விலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதல் விரிசல் வெல்டு ஓரத்தில்தான் தெரியும். மட்டாஞ்சேரியில் இன்னொரு எதிரியும் உண்டு: ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளிக் கடல், காற்றிலேயே உப்பு. புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் ரப்பர் மூடி இல்லாமல், வேளைக்கு கிரீஸ் அடிக்காமல் விட்டால் துரு பிடித்து கீல் இறுகும். பாதி இறுகிய கீல் முழுசாக இறுகியதைவிட மோசம், ஏனென்றால் பைக் எவ்வளவு சாயும் என்பது நாளுக்கு நாள் மாறும். ஆட்டமும் கூடாது. கீலில் ஒரு நூல் ஆட்டம் இருந்தால் அது சைடுகார் சக்கரத்தில் பெரிதாகித் தெரியும்.

பழைய சைடுகார் புத்தகங்களில், பைக்கை வெளிப்பக்கம் ஓரிரு டிகிரி சாய்த்து மாட்டச் சொல்லியிருக்கும். சாயும் வகையில் அந்த அளவுக்கு வேலையில்லை. சைடுகார் சக்கரத்தின் முன்புறத்தை லேசாக உட்பக்கம் திருப்பி வைப்பது மட்டும் இங்கேயும் தேவை.

நம்பிக்கை: சாய்வதால் சந்து பொந்துக்கு ஏற்றது.

சாய்வு அகலத்தைக் குறைக்காது. ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். பெரிய பைக்கோடு சைடுகார் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும், அதிலும் ஓட்டுகிறவர் நடுவில் உட்காராமல் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். யூதத் தெருவில் சுற்றுலாக்காரர்கள் நடுவே மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போக முடியாது. அந்த வேகத்தில் 10 மீட்டர் ஆர வளைவுக்குத் தேவையான சாய்வு வெறும் 10 டிகிரி. இறுக்கிய சைடுகாரே அங்கே போதும் என்பது என் கட்சி. மூணாறு, போடிமெட்டு வழியாக மதுரைக்கு இறங்கும் நெடுஞ்சாலை 85-தான் சாயும் சைடுகாருக்கான இடம். 50 மீட்டர் ஆர வளைவில் 50 கி.மீ. வேகத்துக்கு 21 டிகிரிக்கு மேல் சாய வேண்டும், அப்போதுதான் கீலுக்குக் கொடுத்த காசு தெரியும்.

நம்பிக்கை: இது புத்தம்புதிய கண்டுபிடிப்பு.

நூறு வயது தாண்டியாயிற்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹ்யூகோ யங் என்பவர் வளைவில் சக்கரம் சாய்ந்து கொடுக்கும் சைடுகாரை வடிவமைத்து 1913-ல் கம்பெனி தொடங்கினார். அதுதான் ஃபிளெக்சிபிள். மலிவு விலைக் கார்கள் வந்து சைடுகார் சந்தையைச் சாப்பிட்டுவிட, அந்தக் கம்பெனி பஸ் கட்டப் போய்விட்டது. மாருதி கதையைப் போலத்தான். 1923-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் சைடுகார் டி.டி. பந்தயத்தை ஃபிரெடி டிக்ஸன் டக்ளஸ் பைக்கில் சாயும் சைடுகாரோடு வென்றார். சராசரி வேகம் மணிக்கு 53 மைல். பெட்டியில் இருந்த வால்டர் டென்னி நெம்புகோலை இழுத்துத்தான் வண்டியைச் சாய்த்தார். தானே சாயும் இன்றைய வகையிலிருந்து அது மாறுபட்டது. சாய்வது டென்னியின் கையில் இருந்தது, ஓட்டியவர் கையில் இல்லை.

நம்பிக்கை: சட்டமே சைடுகாரை ஏற்றுக்கொண்டிருக்கிறது, மாட்டினால் யார் கேட்பார்?

முன்பாதி சரி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27)-ஆம் பிரிவு, கூடுதல் சக்கரத்தோடு கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்தே ‘மோட்டார் சைக்கிள்’ என்கிறது. பின்பாதிக்குத்தான் 52-ஆம் பிரிவு இருக்கிறது: உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இந்தப் பிரிவை எவ்வளவு கண்டிப்பாகப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில்தான். கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தாராளத்தை அது ஏற்கவில்லை. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182அ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எஞ்சினுக்கு அடியில் சட்டத்தை வெட்டி கீல் வெல்டு செய்வது, நட்டு போல்ட்டால் மாட்டிக் கழற்றும் பெட்டியைப் போல எளிதில் கடந்து போகாது. பதிவுச் சான்றில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே வெல்டிங் பட்டறைக்கு முன்பே வரைபடத்தோடு போக வேண்டிய இடம், கே.எல். 43 என்று எண் கொடுக்கும் மட்டாஞ்சேரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பதற்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. அதையும் அங்கேயே கேட்கலாம்.

பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று பழைய 129-ஆம் பிரிவு விலக்குக் கொடுத்திருந்தது. 2019 திருத்தத்தின் வாசகத்தில் அந்த விலக்கு இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்டவர் மோட்டார் சைக்கிளில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் போட வேண்டும்.