மூன்று மாதம் தங்கிய பெட்டி

வேதபகுதி: 2 சாமுவேல் 6:1-12, 1 நாளாகமம் 26:1-15

தலைநகரின் தென்பகுதியிலுள்ள லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு சொந்தமன்று; பதவிக்கேற்ப ஒதுக்கப்படுவது; மாறுதலோ ஓய்வோ வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அத்தகைய குவார்ட்டர்ஸுக்கும் போதகரை அழைத்துப் பிரதிஷ்டை ஜெபம் செய்கிறவர்கள் உண்டு. சில ஆண்டுகளே குடியிருக்கும் வீட்டிற்காகக் கேட்கப்படும் ஆசீர்வாதம் எதன்மேல் தங்குகிறது? ஓபேத்ஏதோமின் வீடு இதற்கு நல்ல பாடம்.

உடன்படிக்கைப் பெட்டி அவன் கேட்டு வந்ததன்று. நாகோனின் களத்தில் பெட்டியைப் பிடித்த ஊசா அங்கேயே மாண்டான். தாவீது பயந்து, அதைத் தன் நகரத்திற்குக் கொண்டுபோக மனமில்லாமல், கித்தியனாகிய ஓபேத்ஏதோமின் வீட்டில் விட்டான். ராஜாவே அஞ்சிய பெட்டிக்கு, மனைவி மக்கள் இருக்கும் வீட்டின் கதவைத் திறப்பது எளிய காரியமா? அவன் மனைவி என்ன சொன்னாள் என்று வேதம் எழுதவில்லை. ஆசீர்வாதமோ அவனுக்கு மாத்திரமல்ல, வீட்டார் அனைவருக்கும் வந்தது என்று 6:11 காட்டுகிறது.

இதற்குமுன் அபினதாபின் வீட்டில் பெட்டி நெடுங்காலம் இருந்தது. அந்த வீட்டைக் குறித்து இப்படி ஒரு வார்த்தை இல்லை. அதனால் அவ்வீடு ஆசீர்வாதம் பெறவில்லை என்று கூட்டிச் சொல்லுதல் தகாது.

ஓபேத்ஏதோம் பெற்ற நன்மை என்ன? நிலமோ, பொன்னோ, மந்தையோ குறிப்பிடப்படவில்லை. நாளாகமமே விடை தருகிறது: எட்டுக் குமாரர், பேரர், சகோதரர் உட்பட 62 பேர், எல்லாரும் ஊழியத்திற்குத் திறமையுள்ளவர்கள். மூன்று மாதத்தில் பெட்டி வீட்டைவிட்டுப் போய்விட்டது. பழைய கதையைச் சொல்லிக்கொண்டு அவன் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1 நாளாகமம் 15:24-ல் அவன் பெட்டிக்கு வாசல் காவலனாய் நிற்கிறான். பெட்டி போன இடத்திற்குக் குடும்பமும் போயிற்று. பிற்பாடு தென்வாசல் அவனுக்கும், பண்டசாலை அவன் குமாரருக்கும் சீட்டு விழுந்தது (26:15). வாசலில் நிற்பது பெரிய பதவி அல்ல. பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டதே பெரிது.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆசீர்வாதம் என்ற சொல் வேறு பொருளுக்குப் பழகிவிட்டது. தில்லியில் அரசு வேலையிலுள்ள மகனுக்குப் பெண் பார்க்கும்போது சவரன் கணக்கும் 'கர்த்தர் கொடுத்தது' என்ற பேச்சும் ஒரே மூச்சில் வருகின்றன. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் நடத்தை விதிகளும் வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் கேட்பதையும் தடுக்கின்றன. அறியாமல் செய்தோம் என்று அந்தக் குடியிருப்பில் ஒருவரும் சொல்ல இயலாது.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தபோது வரதட்சணை வாங்கவில்லை. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாயிருந்த அக்காலத்தில் கல்லூரிக் கல்வி பெற்றவர் அந்த அம்மையார். 1912-இல் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதை வரதட்சணை மறுத்ததற்குக் கிடைத்த கூலி என்று எண்ணுவதும் ஒரு கணக்குதான். தாய்மொழி வழங்காத தெலுங்கு நாட்டில், நான்கு குமாரரும் இரண்டு குமாரத்திகளும் உடைய குடும்பத்தோடு, அம்மையார் கிராமப் பெண்களிடையே ஊழியம் செய்தார்.

தாவீதுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அமத்சியாவின் நாளில், இஸ்ரவேலின் ராஜாவாகிய யோவாஸ் எருசலேமின் அலங்கத்தை இடித்து, ஆலயத்தின் பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு போனான். அவை யாருடைய வசத்தில் இருந்தன என்று 2 நாளாகமம் 25:24 குறிக்கையில், ஓபேத்ஏதோமின் பெயரையே எழுதுகிறது.